ட்ஸ்வானா மொழித் தொண்டர் சாலொமோன் பிளாட்ஜே

ஒரு மக்கட் கூட்டத்தாரிடமிருந்து அவர்தம் நிலத்தைப் பறித்தல் ஒரே நாளில் இயலும். அதற்குச் சட்டமொன்று போதும். அவர்தம் மொழியைப் பறித்தல் அத்துணை எளிதன்று. எனினும், நிலம் போனபின் மொழி எத்துணைக் காலம் நிலைக்கும் என்னும் வினா எழாமற் போகாது. மாடு மேய்த்த வெளியும், வேட்டையாடிய காடும், ஊர் கூடி வழக்குரைத்த மன்றமும் கைவிட்டுப் போகுமாயின், அவற்றினின்று பிறந்த சொற்களும் பழமொழிகளும் யார் நாவில் தங்கும்? இவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுதும் நெஞ்சிற் சுமந்து, நிலத்துக்காகவும் மொழிக்காகவும் ஒருங்கே உழைத்த ஒருவரின் சரிதையை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். அவரே தென்னாப்பிரிக்காவின் சாலொமோன் செகிஷோ பிளாட்ஜே என்பார்.

அவர் பிறந்த மக்களைப் பற்றி முதற்கண் சில கூறுதல் வேண்டும். தென்னாப்பிரிக்காவின் வடபகுதியிலும், அதனை அடுத்த போட்ஸ்வானா நாட்டிலும் பரவி வாழ்வோர் ட்ஸ்வானா மக்கள். பரோலோங், பக்வேனா, பத்லாபிங் முதலிய பல குலங்களாக அவர்கள் பிரிந்துள்ளனர். ஒவ்வொரு குலத்துக்கும் குலச்சின்னம் உண்டு. பக்வேனாவினர்க்கு முதலை, பத்லாபிங்கினர்க்கு மீன் என்றாற்போல. அவர்கள் மொழி, பாண்டு என்னும் பெருங் குடும்பத்தைச் சார்ந்தது. அம்மொழியில் ஒருவரைக் குறிப்பின் மோட்ஸ்வானா என்பர். பலரைக் குறிப்பின் பட்ஸ்வானா. மொழியைக் குறிப்பின் செட்ஸ்வானா. நாட்டைக் குறிப்பின் போட்ஸ்வானா. நம் தமிழிற் சொல்லின் ஈற்றில் நிற்கும் விகுதி செய்யும் வேலையை ஆங்குச் சொல்லின் முதலில் நிற்கும் ஒட்டுச் செய்கின்றது. இஃதன்றிக் குரலின் ஏற்ற இறக்கமும் பொருளை வேறுபடுத்தும். எழுத்து ஒன்றாயினும், உயர்த்திச் சொன்னால் ஒரு பொருள், தாழ்த்திச் சொன்னால் மற்றொரு பொருள் என்னுமாறு அமைந்த சொற்கள் பல உள.

இம்மொழி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை எழுத்தின்றி வாய்மொழியாகவே வழங்கிற்று. லண்டன் மிஷன் சங்கத்தைச் சார்ந்த ராபர்ட் மாஃபட் ஐயர் கூருமன் என்னும் ஊரில் தங்கி இம்மொழியைக் கற்று, லூக்கா சுவிசேஷத்தை மொழிபெயர்த்து 1830-ல் கேப் நகரில் அச்சிட்டனர். புதிய ஏற்பாடு 1840-ல் லண்டனில் வெளிவந்தது. 1857-ல் வேதாகமம் முழுதும் கூருமனிலிருந்த சிறு அச்சுக்கூடத்திலேயே அச்சேறி நிறைவுற்றது. அப்பணியின் அருமையை நாம் குறைத்துக் கூறோம். ஆயினும் ஒவ்வொரு மிஷனும் தான் தான் கேட்டவாறு எழுத்திலக்கணம் அமைத்துக்கொண்டமையால், ஒரே சொல்லை ஊருக்கொரு விதமாக எழுதும் நிலை நேர்ந்தது. இதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

பிளாட்ஜே 1876-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 9-ஆம் நாள், அக்காலத்தில் ஆரஞ்சு சுதந்தர நாடு எனப்பட்ட பகுதியில், பாஷோப் என்னும் ஊரை அடுத்த ஒரு பண்ணையிற் பிறந்தனர். பரோலோங் குலத்தவர், பெற்றோர் கிறிஸ்தவர். பிளாட்ஜே என்பது முன்னோர்க்கு வழங்கிய ஒரு டச்சுப் பட்டப்பெயராம். அவர் சிறுபிள்ளையாயிருக்கும்போதே குடும்பத்தார் வால் ஆற்றங்கரையிலுள்ள பினியேல் என்னும் ஜெர்மன் மிஷன் ஊரிற் குடியேறினர். ஆங்கிருந்த வெஸ்ட்பால் ஐயரும் அவர் மனைவியாரும் சிறுவனின் கூரிய அறிவைக் கண்டு, பள்ளி நேரம் கழிந்தபின்னும் ஆங்கிலமும் இசையும் கற்பித்தனர். எனினும் முறையாக அவர் கற்றது தொடக்க வகுப்புகள் சிலவே. உயர்தரப் பள்ளியையோ கல்லூரியையோ அவர் மாணவராக மிதித்ததில்லை. மற்றொரு கல்வி அவருக்கு வீட்டில் வாய்த்தது. தாய், பாட்டி, அத்தை முதலிய மூதாட்டியர் மாலைப்பொழுதிற் கூறிய கதைகளும் பழமொழிகளும் குலவரலாறும் அவர் உள்ளத்திற் பதிந்தன. நல்ல செட்ஸ்வானா பேசக் கற்றவர் யாவரும் தாயிடமோ பாட்டியிடமோ கற்றவரே என்பது அவர் பிற்காலத்தில் வெளியிட்ட கருத்து.

1894-ல், தமது பதினேழாம் வயதில், வைரச் சுரங்கங்களாற் புகழ்பெற்ற கிம்பர்லி நகரை அடைந்து, அஞ்சல் நிலையத்தில் தந்தி கொண்டுசெல்லும் சேவகராக அமர்ந்தனர். அந்நகரத்து நாடக அரங்கில் 1896-ஐ ஒட்டி ஹாம்லெட் நாடகத்தைக் கண்டனர். அன்று முதல் ஷேக்ஸ்பியர் அவரை ஆட்கொண்டார். அந்நாடகங்களிற் காணும் மன்னரும் சூழ்ச்சியரும் பேய்களும் தம் மூதாட்டியர் கூறிய கதைகளில் வருவோரை ஒத்திருத்தலை அவ்விளைஞர் கண்டு வியந்தனர்.

கிம்பர்லியிலேயே எலிசபெத் என்னும் நங்கையைக் காதலித்து 1898-ல் மணந்தனர். அம்மையார் கோசா மொழி பேசும் மரபினர். மொழி வேறு, குலம் வேறு என்று இருதிறத்து உறவினரும் இம்மணத்தை விரும்பவில்லை. காதலர் இருவரும் ஒருவர் மொழியில் மற்றவர் முழுத்தேர்ச்சி பெறாமையால் தம் உள்ளத்தை ஆங்கிலத்திலேயே கடிதமாக எழுதிக்கொண்டனராம். ரோமியோ ஜூலியட் கதை தம் வாழ்விலேயே நிகழ்ந்ததாகப் பிளாட்ஜே பின்னர் நகைச்சுவையுடன் எழுதியுள்ளார். இங்ஙனம் அவருக்கு ஆங்கிலம் எஜமானர் மொழியாக மட்டும் அமையவில்லை. இரு குலங்களை இணைத்த பாலமாகவும் அமைந்தது.

அவ்வாண்டிலேயே மாஃபெகிங் நகரத்து மாஜிஸ்திரேட்டு நீதிமன்றத்தில் துவிபாஷி வேலை கிடைத்தது. ஆங்கிலம், டச்சு, ஜெர்மன், கோசா, சோத்தோ முதலிய பல மொழிகளை அவர் அறிந்திருந்தனர். துவிபாஷியின் வேலை எளிதெனச் சிலர் நினைப்பர். நீதிபதி அறியாத மொழியிற் பேசும் ஏழை ஒருவன் கூண்டில் நிற்க, அவன் சொல்லின் பொருள் சிறிது திரிந்தாலும் அவன் விடுதலை போம். சில வேளை உயிரும் போம். மொழிப்பெயர்ப்பிற் பிழை என்பது புலவர்க்குள் நிகழும் வாதமன்று, நீதியின் பிழை என்பதை அக்கூண்டின் அருகே நின்றே பிளாட்ஜே கற்றனர்.

1899 அக்டோபரில் போயர் யுத்தம் மூண்டது. மாஃபெகிங் 217 நாள் முற்றுகையிடப்பட்டது. ஆங்கிலேயத் தளபதி பேடன் பவலின் புகழை அம்முற்றுகை உலகெங்கும் பரப்பிற்று. ஆனால் நகரை அடுத்த குடியிருப்பில் வாழ்ந்த பரோலோங் மக்களும், அடைக்கலம் புகுந்த ஏனைய ஆப்பிரிக்கரும் பட்ட பசிக்கொடுமையை எழுதினார் அரியர். இருபத்துமூன்று வயதினரான பிளாட்ஜே நாட்குறிப்பு ஒன்று எழுதி வந்தனர். அஃது எழுபது ஆண்டு மறைந்திருந்து, பின்னர்க் கண்டெடுக்கப்பட்டு 1973-ல் அச்சேறிற்று. அம்முற்றுகையை ஆப்பிரிக்கர் ஒருவரின் கண்கொண்டு காட்டும் நாட்குறிப்பு என்பதே அதன் பெருமை.

யுத்தம் ஓய்ந்தபின், 1902-ல் அரசாங்க உத்தியோகத்தை விடுத்துப் பத்திரிகைத் தொழிலில் இறங்கினர். சைலஸ் மொலேமா என்னும் பரோலோங் தலைவர் பொருளுதவி செய்ய, கொரான்டா எயா பெச்சுவானா என்னும் வாரப் பத்திரிகையைச் செட்ஸ்வானாவிலும் ஆங்கிலத்திலுமாக நடத்தினர். வாசிப்போர் பலர், சந்தா செலுத்துவோர் சிலர் என்னும் நோய் அப்பத்திரிகையையும் விட்டபாடில்லை. கடன் மிகுந்து அது நின்றது. 1910-ல் கிம்பர்லிக்கு மீண்டு, மற்றொரு பத்திரிகை தொடங்கினர். பின்னர் அதற்கு மக்களின் நண்பன் என்று பொருள்படும் பெயரிட்டு நடத்தினர். தம் மக்களுள் ஒருவருக்கு அச்சுத்தொழிலின் தந்தையாகிய யோகான் குட்டன்பர்க்கின் பெயரையே சூட்டினர் எனின், அச்செழுத்தின்பால் அவர் கொண்ட பற்றை என்னென்போம்! அக்குழந்தை நீடு வாழவில்லை.

இவ்வாறிருக்கையில் நாட்டின் அரசியல் வேறு வடிவம் கொண்டது. 1910-ல் நான்கு குடியேற்ற நாடுகள் ஒன்றுகூடித் தென்னாப்பிரிக்க ஐக்கியம் ஆயின. ஆட்சி வெள்ளையர் கையிற் சென்றது. ஆப்பிரிக்கத் தலைவர்கள் 1912 ஜனவரி 8-ஆம் நாள் புளூம்ஃபொன்டைன் நகரிற் கூடி ஒரு காங்கிரஸை நிறுவினர். அதன் முதற் பொதுச்செயலாளர் பிளாட்ஜே. அச்சபையே 1923-ல் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் எனப் பெயர் மாற்றிக்கொண்டது.

1913 ஜூன் 19-ஆம் நாள் நிலச் சட்டம் அமுலுக்கு வந்தது. நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கே ஆப்பிரிக்கர்க்கென ஒதுக்கப்பட்டது. ஏனைய பகுதியில் அவர்கள் நிலம் வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் தடை விதிக்கப்பட்டது. சுதந்தர நாடெனப் பெயர்பெற்ற பகுதியில் வாரத்துக்குப் பயிரிட்டு வந்த குடும்பங்கள், பண்ணையாரிடம் கூலியாட்களாக வேண்டும், அன்றேல் ஆடுமாடுகளுடன் வெளியேற வேண்டும் என்றாயிற்று. அதே 1913-ஆம் ஆண்டிலேதான் நேட்டாலில் நம்மவராகிய தமிழ்த் தொழிலாளர் பலர் காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்திற் கலந்து சிறை புகுந்தனர் என்பதை நினைவுகூர்தல் தகும்.

பிளாட்ஜே வீட்டிலிருந்து பத்திரிகை மட்டும் எழுதிக்கொண்டிருக்கவில்லை. சைக்கிளில் ஏறி அப்பகுதியின் சாலைகளிற் சென்று, வெளியேற்றப்பட்டோரைக் கண்ணாரக் கண்டனர். குளிர்காலம், ஆடுமாடுகள் பசியாற் சாலையிலேயே வீழ்ந்து மடிந்தன. ஒரு குடும்பத்தின் கைக்குழந்தை வழியில் நோயுற்று இறந்தது. புதைப்பதற்குத் தமக்கென ஓரடி நிலமும் இல்லாத பெற்றோர், நிலத்துக்குரியவன் காணாவண்ணம், இரவின் இருளிற் குழி தோண்டி அக்குழந்தையை அடக்கம் செய்தனர். இந்நிகழ்ச்சியைப் பிளாட்ஜே தம் நூலிற் பதித்தனர். பக்கம் பக்கமாகச் சட்டவாதம் செய்வோர் செய்யமாட்டாததை அவ்வொரு குழி செய்தது.

1914-ல் இச்சட்டத்தை மாற்றுமாறு பிரிட்டிஷ் அரசாங்கத்தை வேண்ட ஐவர் கொண்ட தூதுக்குழு லண்டனுக்குச் சென்றது. பிளாட்ஜே அவருள் ஒருவர். குடியேற்ற நாட்டு மந்திரி செவிசாய்க்கவில்லை. அந்நிலையில் முதல் உலக யுத்தம் தொடங்கிற்று. ஏனைய நால்வரும் திரும்பினர். பிளாட்ஜே மட்டும் 1917 வரை ஆங்கே தங்கினர். கையிற் பொருளில்லை. ஆயினும் ஊர் ஊராகச் சென்று சொற்பொழிவாற்றினர். அவ்வறுமையினிடையே 1916-ல் மூன்று நூல்கள் வெளிவந்தன. ஒன்று, நிலச் சட்டத்தின் கொடுமையை விளக்கும் தென்னாப்பிரிக்கச் சுதேசிகளின் வாழ்க்கை என்னும் நூல். மற்றிரண்டும் மொழி பற்றியவை.

அவற்றுள் ஒன்று செட்ஸ்வானாப் பழமொழித் திரட்டு. 732 பழமொழிகளைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் சொற்பொருளும், அதனை ஒத்த ஐரோப்பியப் பழமொழியும் கொடுத்தனர். அயல்நாட்டில், ஏடுகளின் துணையின்றி, பெரும்பாலும் தம் நினைவினின்றே இவற்றைத் திரட்டினர் என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகின்றது. வேட்டை, கால்நடை, காட்டு விலங்கு, மழை இவற்றினின்று பிறந்தவை அப்பழமொழிகளிற் பல. பள்ளிக்கல்வி பெற்ற இளைஞர் அவற்றை அறியாது வளர்கின்றனர் என்னும் கவலையே அவரைத் தூண்டிற்று. நிலத்தை இழந்தோரின் முறையீட்டையும், அந்நிலத்திற் பிறந்த சொற்களின் தொகுதியையும் அவர் ஒரே ஆண்டில் வெளியிட்டது தற்செயலன்று என்றே நாம் கருதுகின்றோம்.

மற்றொன்று, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஒலியியற் புலவர் டேனியல் ஜோன்ஸ் என்பாருடன் சேர்ந்து ஆக்கிய வாசகப் புத்தகம். அதிற் செட்ஸ்வானாக் கதைகள் ஒலிக்குறி எழுத்தில் அமைந்துள்ளன. இந்நூல் பிறந்த வரலாறு இனியது. ஒருநாள் ஜோன்ஸின் வகுப்புக்குப் பிளாட்ஜே அழைக்கப்பட்டனர். அவர் சில செட்ஸ்வானா வாக்கியங்களைச் சொல்ல, ஜோன்ஸ் அவற்றைக் குரலின் ஏற்றத் தாழ்வுடன் கரும்பலகையிற் குறித்தனர். பின்னர், செட்ஸ்வானாவில் ஒரு சொல்லும் அறியாத ஆங்கில மாதர் அப்பலகையை நோக்கி வாசித்தபோது, ஐரோப்பியச் சாயல் சிறிதுமின்றித் தம் ஊரார் பேசுவது போலவே ஒலித்தது. பல்லாண்டு தம் நாட்டில் வாழ்ந்த ஐரோப்பியர் பலர்க்கும் கைவராத உச்சரிப்பு அது. தாய்மொழியை உள்ளவாறே எழுத்திற் பதிக்க இயலும் என்னும் நம்பிக்கை அன்று அவருக்குப் பிறந்தது. அவரிடமிருந்து கேட்டறிந்தவற்றைக் கொண்டு ஜோன்ஸ் எழுதிய ஆராய்ச்சிகள் இன்றும் ஒலியியலாரால் மதிக்கப்படுகின்றன.

1919-ல் மீண்டும் ஒரு தூதுக்குழுவுடன் லண்டன் சென்று, பிரதம மந்திரி லாயிட் ஜார்ஜை நேரிற் கண்டு முறையிட்டனர். மந்திரி இரக்கத்துடன் கேட்டார். தென்னாப்பிரிக்க மந்திரி ஸ்மட்ஸுக்கும் எழுதினார். பயன் ஒன்றும் விளையவில்லை. அதன்பின் கனடாவிலும் அமெரிக்காவிலும் சொற்பொழிவாற்றித் திரிந்தனர். அவர் அமெரிக்காவில் இருந்தபோது, 1921-ல், அருமை மகள் ஒலிவ் இறந்த செய்தி எட்டிற்று. தென்னாப்பிரிக்க எழுத்தாளர் ஒலிவ் ஷ்ரைனரின் பெயரைத் தாங்கிய பெண் அவள். நாட்டின் பொருட்டுக் கடல்கடந்த தந்தை அவள் முகத்தை மீளக் காணவில்லை. பொதுநலத் தொண்டின் விலையைத் தொண்டர் மட்டும் கொடுப்பதில்லை. அவர்தம் வீட்டாரும் கொடுக்கின்றனர். அவர் இல்லாத காலங்களிற் குடும்பத்தைக் காத்த எலிசபெத் அம்மையாரின் பொறுமையை நாம் மறத்தல் ஆகாது.

1923-ன் இறுதியில் தாயகம் திரும்பினர். இளைய தலைமுறையார் வேறு தலைவரை நாடலாயினர், சட்டம் மாறவில்லை. பிளாட்ஜே தம் எஞ்சிய வலிமையை மொழித்தொண்டிற் செலுத்தினர். ஷேக்ஸ்பியரின் பிழைகளின் நகைநாடகத்தைச் செட்ஸ்வானாவிற் பெயர்த்து 1930-ல் வெளியிட்டனர். ஜூலியஸ் சீசர் மொழிபெயர்ப்பு, அவர் மறைந்தபின் 1937-ல் பிறரால் திருத்தப்பெற்று அச்சேறிற்று. வேறு சில நாடகங்களையும் அவர் பெயர்த்தனர். அக்கையெழுத்துப் படிகள் அழிந்துபட்டன. பண்படாத மொழி என்று பிறர் இகழ்ந்த தம் தாய்மொழி, ஷேக்ஸ்பியரின் கருத்தனைத்தையும் தாங்கவல்லது என்று காட்டுதலே அவர் நோக்கம்.

அதே 1930-ல் மூதி என்னும் ஆங்கில நாவலை லவ்டேல் மிஷன் அச்சகத்தார் வெளியிட்டனர். தென்னாப்பிரிக்கக் கறுப்பினத்தார் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய முதல் முழுநீள நாவல் என அஃது எண்ணப்படுகின்றது. 1832-ல் மட்டபேலே மன்னன் முசிலிகாசியின் படை பரோலோங்கினரின் ஊரை அழித்தபோது, தானொருத்தியே உயிர்பிழைத்ததாக எண்ணிக் காட்டில் அலையும் மூதி என்னும் பெண்ணே கதைத்தலைவி. அந்நூலின் வருவாயைக் கொண்டு, மறைந்துவரும் செட்ஸ்வானா நாட்டுக்கதைகளைத் தொகுத்துப் பள்ளிகளுக்கு அச்சிடுதல் வேண்டுமென்பது ஆசிரியரின் விருப்பம். ஆங்கிலத்தில் எழுதிப் பெறும் பொருளைத் தாய்மொழிக்கு ஈய எண்ணினர்!

இனி, முன்னர்க் குறித்த எழுத்துச் சிக்கலுக்கு வருவோம். 1920-களின் இறுதியில் அரசாங்கமும் மிஷன்களும் பல்கலைக்கழகத்தாரும் கூடி, ஒரே வகையான எழுத்துமுறையை வகுக்க முற்பட்டனர். பிளாட்ஜே அதனை வன்மையாக எதிர்த்தனர். ஒருமைப்பாட்டை அவர் வெறுத்தாரல்லர். மொழியைப் பேசுவோரைக் கலவாமல், பேசாதோர் கூடி அதன் எழுத்தை முடிவுசெய்வது முறையன்று என்பதே அவர் வாதம். அறிஞர் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. ஊருக்கோர் எழுத்துமுறை இருப்பின் பாடநூல் பெருகாது. ஆயினும், நிலச் சட்டத்தை எதிர்த்தபோது அவர் கேட்டதும், எழுத்துமுறையை எதிர்த்தபோது கேட்டதும் ஒன்றே என்பதை நாம் காணத் தவறலாகாது. எமக்குரியதைப் பற்றி எம்மைக் கேளாது முடிவு செய்யாதீர் என்பதே அது.

பழமொழித் திரட்டை விரிவாக்குதல், அகராதி ஒன்று அமைத்தல், கதைகளைத் தொகுத்தல் ஆகிய பணிகள் கையிலிருக்கும்போதே, ஜோஹானஸ்பர்க்கில் நிமோனியாச் சுரம் கண்டு, 1932 ஜூன் 19-ஆம் நாள் உயிர்நீத்தனர். வயது ஐம்பத்தைந்து. நிலச் சட்டம் அமுலுக்கு வந்து சரியாகப் பத்தொன்பது ஆண்டு நிறைந்த நாள் அது. அவர் உடல் கிம்பர்லியில் அடக்கம் செய்யப்பட்டது.

தம் கண்முன் அவர் வென்றது சிறிதே. அந்நிலச் சட்டம் 1991 வரை நீக்கப்படவில்லை. ஆனால் மொழியின் வரலாறு வேறு. 1966-ல் விடுதலை பெற்ற போட்ஸ்வானாவிற் செட்ஸ்வானா தேசிய மொழியாயிற்று. தென்னாப்பிரிக்காவின் 1996-ஆம் ஆண்டு அரசியற் சட்டம் அதனை ஆட்சிமொழிகளுள் ஒன்றாக ஏற்றது. கிம்பர்லியில் 2014-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் பிளாட்ஜேயின் பெயரைத் தாங்குகின்றது. கல்லூரி வாசலை மாணவராக மிதியாதவரின் பெயரை ஒரு பல்கலைக்கழகம் தன் வாசலிற் பொறித்துக்கொண்டது.

மாணவ நண்பர்காள்! மிஷன் பள்ளியிற் பெற்ற ஆங்கிலக் கல்வி அக்காலத்திற் பலரைத் தம் மக்களினின்று பிரித்துத் தூரத்தில் நிறுத்திற்று. அதே கல்வி பிளாட்ஜேயை ஷேக்ஸ்பியரிடம் அழைத்துச் சென்றது. ஆனால் அவர் வெறுங்கையுடன் திரும்பவில்லை. கற்றதையெல்லாம் பாட்டியின் மொழிக்குக் கொண்டுவந்து சேர்த்தனர். கல்வியால் நாம் எத்துணை தூரம் சென்றோம் என்பதை உலகம் கேட்கும். எதனைக் கொண்டு வீடு திரும்பினோம் என்பதை நம் வீட்டு மூதாட்டியர் கேட்பர். இரண்டாம் வினாவுக்கும் விடைகூற வல்லவராய் நாம் விளங்குவோமாக.